ஆக்ஸிலேட்டருக்குப் பொட்டி மாட்டும் புண்ணியவான்களுக்கு...

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஆக்ஸிலேட்டர் பெடலுக்கும் என்ஜின் கம்ப்யூட்டருக்கும் நடுவுல சொருகுற தீப்பெட்டி சைஸ் கறுப்புப் பொட்டி ஒண்ணு இருக்கே, அதால உங்க ஸ்போர்ட்ஸ் காரோட பவர் ஒரு குதிரை கூட ஏறாது. அரைக் குதிரை கூட ஏறாது. ஏறுறது விக்கிறவரோட கல்லா மட்டும்தான்.

இப்படி எழுதினா ராஜபாளையத்துல என் சொந்தக்காரங்கள்ல பாதிப் பேர் என்கூடப் பேசமாட்டாங்க. மீதிப் பேர்கிட்ட கார் இல்ல, அதனால தப்பிச்சேன் :-) "மாட்டினேன், வண்டி புலி மாதிரிப் பாயுது"ன்னு பதிவு போட்ட நண்பர்களும் கோவிச்சுக்க வேண்டாம். எனக்குச் சண்டை உங்களோட இல்ல, அந்தப் புலியோடதான்.

மாருதி 800 காலத்துல பெடல்ல இருந்து ஒரு கேபிள் நேரா என்ஜினுக்குப் போகும். நீங்க மிதிச்சா கேபிள் இழுக்கும், காத்து போற வழியில இருக்கிற வட்டத் தகடு திறக்கும். அவ்வளவுதான். காலுக்கும் என்ஜினுக்கும் நடுவுல வேற ஆளே கிடையாது. 1980களின் கடைசியில் பிஎம்டபிள்யூ தன்னோட பெரிய 12 சிலிண்டர் வண்டியில இந்தக் கேபிளைத் தூக்கிட்டு ஒயரைப் போட்டது. 1997ல கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கும் ஒயர் வந்தது. இன்னைக்கு ஷோரூம்ல நிக்கிற பெரும்பாலான கார்களுக்குக் கேபிள் கிடையாது. இப்போ பெடல்ங்கிறது ஒரு விண்ணப்பப் படிவம். "ஐயா, எனக்கு 30 சதவீதம் வேணும்"னு நீங்க எழுதிக் கொடுக்கிறீங்க. கியர், வேகம், சூடு, புகைக் கட்டுப்பாடு எல்லாத்தையும் பார்த்து எவ்வளவு கொடுக்கலாம்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும்.

நம்ம பொட்டி இந்த இடத்துலதான் புரோக்கர் வேலைக்கு வருது. நீங்க 30ன்னு எழுதினதை 60ன்னு திருத்திக் கொடுக்குது. வண்டி துள்ளுது. "ஆஹா, பிக்கப்!"ங்கிறோம். சரி, 100 மிதிச்சா? அப்பவும் 100தான் கொடுக்க முடியும். அதுக்கு மேல பொய் சொல்ல இடமில்ல. ரேடியோவுல பாதித் திருகினாலே முழுச் சத்தம் வர்ற மாதிரித் திருகியை மாத்திட்டா, ரேடியோவோட சத்தம் கூடிடுச்சுன்னு அர்த்தமா?

டர்போ வச்ச சின்ன என்ஜினா இருந்தா இன்னும் கொடுமை. கீழ் ஆர்பிஎம்ல அந்த டர்போ சுத்தி எழுந்திரிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தைக் குறைக்கப் பொட்டிக்கு ஒரு வழியும் இல்ல. கம்ப்யூட்டருக்கு எத்தனை பொய் சொன்னாலும் புகைபோக்கியில வர்ற காத்துதான் டர்போவைச் சுத்தணும். அப்புறம் அந்த வட்டத் தகட்டுக்குன்னு ஒரு குணம் உண்டு. மெதுவா ஓடுற என்ஜினுக்கு அது பாதி திறந்தாலே தேவையான காத்தில் பெரும்பகுதி உள்ள போயிடும். மிச்சப் பாதி திறந்து பெருசா ஒண்ணும் வரப்போறதில்ல. அதனாலதான் முதல் ஒரு அங்குலத்துல எல்லாத்தையும் கொட்டிட்டா வண்டி பலசாலி மாதிரித் தெரியுது. இது புதுத் தந்திரமும் இல்ல. கேபிள் காலத்துலயே கேபிள் சுத்துற உருளையை வட்டமா வைக்காம முட்டை வடிவத்துல வச்சு, முதல் மிதியிலேயே நிறையத் திறக்கிற மாதிரி பண்ணுவாங்க. டெஸ்ட் டிரைவ் வந்தவர் மயங்கிடுவார்.

இது வெறும் காசு விஷயமா இருந்தா நான் பதிவே எழுதியிருக்க மாட்டேன். ஏமாறுறது அவங்கவங்க உரிமை. ஆனா இந்தக் கார் எந்த ரோட்டுல ஓடுது? திருமங்கலத்துல இருந்து கொல்லம் போற தேசிய நெடுஞ்சாலை 744, ஸ்ரீவில்லிபுத்தூரையும் ராஜபாளையத்தையும் தொட்டுத்தான் போகுது. ரெண்டு ஊருக்கும் நடுவுல பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். குற்றால சீசன்ல மதுரைக் காரெல்லாம் இந்த வழி. கார்த்திகை, மார்கழியில ஐயப்பன் வண்டிகள் இந்த வழி. இருக்கன்குடிக்கு மஞ்சள் துணி கட்டி நடந்து போற ஜனம் ராத்திரியில ரோட்டோரமா வரிசையா வரும். ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ல கால் வைக்க இடம் இருக்காது. சாதா நாள்லயே மில்லு ஷிப்ட் விட்டா சைக்கிளும் டிவிஎஸ் எக்ஸெல்லும் ரோட்டை நிறைச்சுக்கிட்டு வரும்.

இந்த ரோட்டுல நீங்க பெடலை எவ்வளவு மிதிக்கிறீங்க? முக்கால்வாசி நேரம் முதல் அங்குலத்துக்குள்ளதான். பஸ்ஸுக்குப் பின்னாடி ஊர்றதுக்கு, பால்கோவா கடை வாசல்ல இருந்து வண்டியை எடுக்கிறதுக்கு, வேகத்தடையில ஏறி இறங்குறதுக்கு எல்லாம் அந்த ஒரு அங்குலம்தான். அந்த அங்குலத்துல ஒரு நூல் அளவு மிதிச்சா ஒரு நூல் அளவு போகணும். பொட்டி சரியா அதைத்தான் திருடுது. யாருமே தொடாத கடைசி அங்குலத்தைச் செத்த அங்குலமா ஆக்கிட்டு, உசிரோட இருந்த முதல் அங்குலத்துல எல்லாத்தையும் திணிக்குது.

எங்க சித்தப்பா மகன் ஒருத்தன் சென்னையில இருந்து செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு கதவு சிகப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். நல்ல வண்டி, குறை சொல்ல முடியாது. ஒரு கடையில (பேரு வேண்டாம்) பதினஞ்சாயிரம் அழுது பொட்டியும் மாட்டினான். போன்லயே ஈகோ, சிட்டி, ஸ்போர்ட், ரேஸ்னு மாத்திக்கலாமாம். என்னை உட்கார வச்சு ரேஸ்ல போட்டு பஞ்சு மார்க்கெட் பக்கம் ஓட்டினான். வேகத்தடையில முன் சக்கரம் ஏறி இறங்குச்சு. அந்தக் குலுக்கல்ல அவன் கால் பெடல்ல கொஞ்சம் அழுந்திச்சு. வண்டி துள்ளுச்சு. துள்ளினதுல உடம்பு பின்னாடி சாய, கால் பெடலை விட்டுச்சு, வண்டி முக்குச்சு. முக்கினதுல உடம்பு முன்னாடி வர, கால் மறுபடி அழுந்திச்சு. மூணு தடவை இப்படித் தவளை மாதிரி குதிச்சு, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக் கட்டை சைக்கிள் கேரியர்ல வச்சு உருட்டிக்கிட்டுப் போன ஒரு பெரியவருக்கு ஒரு முழம் தள்ளி நின்னுச்சு. பெரியவர் திரும்பிப் பார்த்து, "ஏன் தம்பி, வண்டிக்கு விக்கலா?"ன்னார். வேற ஒண்ணும் சொல்லல.

தம்பி அன்னைக்குச் சாயங்காலம் பொட்டியைக் கழட்டினானா? இல்ல. ரேஸ்ல இருந்து ஸ்போர்ட்டுக்கு மாத்தினான். அவ்வ்வ்...

'பீல்'ங்கிறது ஏதோ விளையாட்டுச் சாமான்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை. ஒயர் பெடல்ல ஒரு சிக்கல் உண்டு. கேபிள்ல இயல்பாவே ஒரு உராய்வு இருந்தது. அதுதான் காலை ஒரே இடத்துல பிடிச்சு வச்சுக்க உதவுச்சு. ஒயர்ல அது கிடையாது, வெறும் ஸ்பிரிங்தான். அதனால பெடல் செய்றவங்க உள்ளுக்குள்ள ஒரு உராய்வுத் துண்டை வேணும்னே வச்சாங்க, காலுக்குப் பழைய கேபிள் மாதிரித் தெரியணுமேன்னு. டொயோட்டா பெடல்கள் சிலதுல அந்தத் துண்டு தேய்ஞ்சும் ஈரம் பட்டும் ஒட்டிக்க ஆரம்பிச்சது. மிதிச்ச பெடல் மெதுவாத் திரும்புச்சு, சிலதுல திரும்பாமலே நின்னுச்சு. 2010 ஜனவரியில் அமெரிக்காவுல மட்டும் சுமார் 23 லட்சம் வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டாங்க. வைத்தியம் என்னன்னா, பெடலுக்குள்ள ஒரு சின்ன எஃகுத் தகடு! நாசா இன்ஜினீயர்களை விட்டே மின்னணுக் கோளாறு உண்டான்னு தேடச் சொன்னாங்க. அப்படி ஒரு காரணம் கிடைக்கலைன்னு 2011 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. 2014ல டொயோட்டா 120 கோடி டாலர் கட்டி அமெரிக்க அரசோட வழக்கை முடிச்சுக்கிச்சு. கால் பீலுக்காக வச்ச ஒரு துண்டு செஞ்ச வேலையும் அதுல ஒரு பங்கு.

இன்னொரு பங்கு தரை மேட்டு. 2009 ஆகஸ்ட்ல சான் டியேகோ பக்கத்துல ஒரு லெக்ஸஸ்ல வேற வண்டியோட ரப்பர் மேட்டைப் போட்டு, அதுல பெடல் சிக்கி நாலு பேர் செத்தாங்க. நம்ம ஊர்ல மேட்டுக்கு மேல மேட்டு, அதுக்கு மேல நியூஸ் பேப்பர்னு போடுறவங்க இந்தப் பாராவை இன்னொரு தடவை படிக்கவும்.

பிரபல கம்பெனி, பல வருஷம் சோதனை பண்ணிச் செஞ்ச பெடலுக்கே இந்தக் கதி. நம்ம பொட்டி எந்தச் சோதனையில தேறிச்சு? பெடலுக்குள்ள ரெண்டு சென்சார் இருக்கிறதே, ஒண்ணு பொய் சொன்னா இன்னொண்ணு காட்டிக் கொடுக்கத்தான். ரெண்டும் ஒத்துப் போகலைன்னா கம்ப்யூட்டர் பவரைக் குறைச்சு வண்டியை நொண்ட விடும். பொட்டி இந்த ரெண்டு சாட்சியையும் ஒரே நேரத்துல கலைக்குது. விக்கிறவர் கடைசியா ஒரு அறிவுரை சொல்வாரு கேட்டிருக்கீங்களா? "சர்வீஸுக்கு விடும்போது மட்டும் கழட்டிடுங்க சார்." ஏன் சார்?!

"அப்போ பெடல் மந்தமாத்தான் இருக்கணுமா?"ன்னு கேப்பீங்க. மந்தம்ங்கிற புகார்ல நியாயம் இருக்கு. புகைக் கட்டுப்பாட்டுக்காகவும் மைலேஜுக்காகவும் கம்பெனிகள் முதல் மிதியை வேணும்னே கொஞ்சம் சோம்பலாத்தான் வைக்கிறாங்க. அதுக்கு ஒழுங்கான வழிகள் உண்டு. பழைய கேபிள் வண்டின்னா கேபிள்ல தொய்வு இருக்கான்னு பாருங்க. லாக் நட்டைத் தளர்த்தி, ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஆட்டம் மட்டும் விட்டு இறுக்கினா பெடல் புதுசு மாதிரி ஆயிடும். சுத்தமா ஆட்டமே இல்லாம இறுக்கிடாதீங்க, சும்மா நிக்கும்போதே என்ஜின் ரேஸ் ஆகும். முழுசா மிதிச்சா தகடு முழுசாத் திறக்குதான்னு ஒரு ஆளை உட்கார வச்சு மிதிக்கச் சொல்லிப் பாருங்க. பாதி வண்டிகள்ல திறக்காது, தொலைஞ்சு போன பவர் அங்கதான் இருக்கும், பைசா செலவில்லாம. ஒயர் வண்டின்னா திராட்டில் பாடியில கரி படிஞ்சிருக்கும், சுத்தம் பண்ணச் சொல்லுங்க. பண்ணின பிறகு ஐடிலிங்கை மறுபடி கத்துக்க வைக்கணும், அதை மறந்துட்டு "சுத்தம் பண்ணினப்புறம்தான் மோசமாயிடுச்சு"ன்னு வர்றவங்க நிறைய. கம்பெனியே ஸ்போர்ட் மோடு கொடுத்திருந்தா அதைப் போடுங்க. அதுவும் மேப் மாத்துற வேலைதான், ஆனா பிரேக், கியர், டிராக்ஷன் கன்ட்ரோல் எல்லாத்தோடயும் பேசி வச்சுச் செஞ்ச மாத்தம்.

நிஜ ஸ்போர்ட்ஸ் கார் செய்றவங்க எதுக்கு மெனக்கெடுறாங்கன்னும் பாருங்க. மஸ்டா தன்னோட எம்எக்ஸ்-5 வண்டியில பெடலை மேல இருந்து தொங்க விடாம தரையில கீல் வச்சு, ஆர்மோனியப் பெடல் மாதிரி அமைச்சிருக்கு. குதிகாலை ஊன்றி நூல் நூலா மிதிக்கணும்ங்கிறதுக்காக. அவ்வளவு தூரம் ஏன் போகணும், நம்ம ஓசூர்ல டிவிஎஸ் செய்ற அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக்குக்கு 2020 ஜனவரியில் நாலு மோடு கொடுத்தாங்க. டிராக், ஸ்போர்ட்ல 34 குதிரை. மழை, நகரம்னு ரெண்டு மோடுல 26 குதிரைக்குள்ள. டிராக்குல ஓட்டத் தெரிஞ்சவங்க செஞ்ச வண்டியிலயே ஊருக்குள்ள வந்தா குறைக்கிறாங்க. நாம ஊருக்குள்ள வந்து ரேஸ்ல போடுறோம்.

"காசு என்னுது, கால் என்னுது, உனக்கென்ன?"ன்னு சித்தப்பா மகன் கேட்டான். காசும் காலும் உன்னுதுதான்டா. சைக்கிள் அந்தப் பெரியவருது. அவ்வளவு ஆசைன்னா கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு, அங்க போயி மாட்டிக்கோ.

இன்னும் நம்பாதவங்களுக்கு ஒரு சோதனை. ஓபிடி ரீடர்னு சின்னதா ஒண்ணு ஆன்லைன்ல கிடைக்கும். அதை ஸ்டியரிங்குக்குக் கீழ சொருகி போன்ல இணைச்சுக்கோங்க. வண்டியை வீட்டு வாசல்ல நிறுத்தி, இக்னிஷனை மட்டும் ஆன் பண்ணுங்க, ஸ்டார்ட் வேண்டாம். பெடலுக்கு அடியில ஏதாவது ஒரு கட்டையை வச்சு, அது தடுக்கிற வரை மட்டும் மிதிங்க. போன்ல பெடல் எத்தனை சதவீதம்னு காட்டும். பொட்டியில மோடை மாத்தி மாத்தி அதே கட்டை வரைக்கும் மிதிங்க, கட்டை நகரல, நம்பர் மட்டும் ஏறும். அப்புறம் கட்டையை எடுத்துட்டுத் தரையோட மிதிங்க. எல்லா மோடுலயும் ஒரே நம்பர்தான் நிக்கும்.

கடைக்காரருக்கும் ஒரு கோரிக்கை. ஒரே வண்டியை டைனோவில் ஏத்தி, பொட்டியோட ஒரு தாள், பொட்டி இல்லாம ஒரு தாள், ரெண்டும் முழு மிதியில எடுத்துக் கடை வாசல்ல ஒட்டி வைங்க. ரெண்டாவது தாளை விட முதல் தாள்ல அஞ்சு குதிரை கூட இருந்தா அந்தப் பதினஞ்சாயிரத்தை நானே கொடுத்து என் வண்டிக்கு ஒண்ணு வாங்கிக்கறேன்.

டிஸ்கி: என் வண்டி கேபிள் வண்டி. பொட்டி மாட்டவே முடியாது. அதைச் சொல்லிப் பின்னூட்டத்துல கும்ம வேண்டாம் :-)