ஆறு மணி நேரமும் கடல்வழி நாட்களும்

சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். நேரே செல்லும் விமானம் இதனை ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் கடக்கின்றது. அந்நாட்டு நேரம் நம் நேரத்தினும் இரண்டரை மணி பிந்தியது. ஆதலின், இங்குக் காலை 10 மணிக்குப் புறப்படும் ஹஜ் பயணி, அங்குப் பிற்பகல் 1.30 மணிக்கே இறங்கிவிடலாம்.

1995இல் கப்பல் போக்குவரத்து நிறுத்தப்பெறும் வரை, பம்பாய் சென்று கப்பலேறியோர்க்கு ஜித்தாவை அடைய ஒரு வாரத்திற்கும் மேலாயிற்று. அந்நாட்கள் வீணாகவில்லை. முன்னர்ச் சென்று வந்த ஹாஜிகள் புதியவர்க்குக் கிரியைகளைக் கற்பித்தனர். முன்பின் அறியாதார் உணவைப் பகிர்ந்துண்டனர். யலம்லம் எல்லையில் இஹ்ராம் அணியும்போது உள்ளமும் பக்குவப்பட்டிருந்தது. விமானமோ இஹ்ராம் எல்லையைச் சில நிமிடங்களில் தாண்டிவிடுகிறது. ஆகவே, நேரே மக்கா செல்வோர் பலர் விமானமேறும் முன்பே இஹ்ராம் உடுத்திக்கொள்கின்றனர்.

விமானம் வேண்டா என்பது என் கருத்தன்று. முதியோரும் நோயுற்றோரும் இக்கடமையை நிறைவேற்ற அது பேருதவி புரிகின்றது. ஆயினும், கடல் தந்த பக்குவத்தை இனி வீட்டிலேயே தேடிக்கொள்ள வேண்டும். புறப்படுமுன் வரும் வாரங்களை விருந்துகளும் வழியனுப்பு விழாக்களுமே விழுங்கிவிடுதல் தகுமா? கடனைத் தீர்த்தல், பகைத்த உறவினரின் வாயிலுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டல், கிரியைகளைப் பொருளுணர்ந்து கற்றல் ஆகியவற்றுக்கன்றோ அவ்வாரங்கள் உரியவை!

ஆறு மணி நேரம் உடலைக் கொண்டு சேர்க்கும். உள்ளம் அதற்கு நெடுநாள் முன்பே புறப்பட்டிருத்தல் வேண்டும்.