ஆளை மறைக்கலாம், தொகையை மறைக்கலாகாது

அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் ஒவ்வொரு நிதியாண்டுக்குமுரிய வருகையாளர் விசா மறுப்பு வீதத்தை நாடுவாரியாக வெளியிடுகின்றது. அதனைக் கண்டு, நூற்றுக்கு இத்தனை பேர் தள்ளப்பட்டனர் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அக்கணக்கு அத்துணை எளிதன்று.

100 பேர் விண்ணப்பிக்க, 40 பேர் மறுக்கப்படுகின்றனர். அவர்களுள் 10 பேர் குறையை நீக்கிப் பின்னர் விசா பெறுகின்றனர் எனக் கொள்வோம். வெளிவரும் வீதம் 40 அன்று, 30 மட்டுமே. அன்றியும், திரும்பி வருவேன் என்று மெய்ப்பிக்கும் பாரத்தைச் சட்டத்தின் 214(பி) பிரிவு விண்ணப்பதாரர் மீதே சுமத்துகின்றது. எனவே, காணி உறுதியை ஏந்திச் சென்று வெறுங்கையராய்த் திரும்பும் கமக்காரர் குற்றவாளியல்லர்.

1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 222(எஃப்) பிரிவு விசாப் பதிவேடுகளை இரகசியமாக்குகின்றது. அக்கமக்காரரின் வருவாயும் குடும்ப நிலையும் சந்திக்கு வராமற் காக்குமளவில் அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால், தொகைக்குப் பெயருமில்லை, முகமுமில்லை. அதனைச் சொல்வதால் எவருடைய மானம் போகும்?

விசாவின்றிப் பயணஞ் செய்யும் சலுகையைப் பெற, ஒரு நாட்டின் மறுப்பு வீதம் 3 சதவீதத்துக்குக் குறைந்திருத்தல் நிபந்தனைகளுள் ஒன்று. ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் நிறுக்கும் தராசு இது! ஆகவே, நாடுவாரிக் கணக்கு மட்டும் போதாது. தூதரகவாரியாகவும் காரணவாரியாகவும் கணக்கு வெளிவரல் வேண்டும்.

இரகசியம் விண்ணப்பித்தவருக்குக் கவசமாகட்டும், அதிகாரிக்குத் திரையாகலாகாது.