அடுப்புக்குள் ஒரு கடிதம்

கடிதத்தை யாராவது அடுப்புக்குள் பத்திரப்படுத்துவார்களா? "எரிந்து போகுமே!" என்றுதானே சொல்வீர்கள்? ஆனால், மூட்டுவதற்கு ஆள் இல்லாத அடுப்பைவிடப் பத்திரமான பெட்டி கிடையாது என்று தீர்மானித்தான் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன். அது நடந்த இடம் தீலான் நதிக்கரை.

கனடா தேசத்தின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, சுமார் 900 கிலோமீட்டர் தூரம் ஓடிப் பேக்கர் ஏரியில் கலக்கிறது இந்த நதி. சுற்றிலும் மரமே முளைக்காத வெட்டவெளி. நதிப் பள்ளத்தாக்கில் மட்டும் ஸ்ப்ரூஸ் மரத் தோப்புகள்! தோப்பு இருந்தால் பிராணிகளுக்குக் கேட்க வேண்டுமா? கரடி, ஓநாய், மூஸ் என்னும் பெரிய மான் எல்லாம் உண்டு.

எல்லாவற்றிலும் விசேஷம் கஸ்தூரி எருது. அதன் ரோமம் ஏறக்குறையத் தரை வரையில் தொங்கும். ஓநாய் வந்தால் பெரியவை கொம்புகளை வெளிப்பக்கம் நீட்டி வட்டமாக நிற்கும். கன்றுகள் நடுவே இருக்கும். பாவம், துப்பாக்கிக்கு முன்னால் இந்த உபாயம் பலிக்கவில்லை! நின்ற இடத்திலேயே சுடப்பட்டு மாண்டன. 1917-ல் கனடா அந்த வேட்டையைத் தடை செய்தது.

இந்த நதியை நன்கு அறிந்தவர் ஜான் ஹார்ன்பி என்ற ஆங்கிலேயர். இங்கே பிராணிகளுக்குச் சரணாலயம் வேண்டுமென்று சர்க்காருக்கு யோசனை சொன்னவரும் அவரே. 1926-ல் உறவுக்காரப் பையன் எட்கர் கிறிஸ்டியனையும், ஹரால்ட் அட்லார்ட் என்ற வாலிபரையும் அழைத்துக்கொண்டு வந்து, கரையோரத் தோப்பில் மரவீடு கட்டினார். கரிபூ என்னும் துருவ மான்கள் மந்தை மந்தையாகத் தெற்கே போகும்போது வேட்டையாடிக் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு.

ஆனால் மான்கள் முன்பே போய்விட்டன! கிடைத்த மீனையும், எலும்பையும், தோலையும் தின்று பார்த்தார்கள். 1927 ஏப்ரலில் ஹார்ன்பி இறந்தார். மே மாதம் அட்லார்ட் இறந்தார். தனியாக மிஞ்சிய எட்கர், தாய் தகப்பனாருக்குக் கடிதம் எழுதி, நாட்குறிப்போடு சேர்த்து, அணைந்த அடுப்புக்குள் வைத்தான். ஜூன் மாதத் தொடக்கத்தோடு அவன் எழுத்து நின்றுவிட்டது. 1929-ல்தான் போலீஸார் அந்தக் காகிதங்களை எடுத்தார்கள்.

அதே 1927-ல் தீலான் சரணாலயமும் ஏற்பட்டது. கஸ்தூரி எருதுகள் அங்கே மீண்டும் பெருகின. ஹார்ன்பியின் யோசனை பிராணிகளைக் காப்பாற்றியது. அவர் போட்ட கணக்கோ மூன்று உயிர்களைக் குடித்துவிட்டது. நதி வஞ்சனை செய்யவில்லை, வாசகர்களே! மான்களுக்கு அவற்றின் பருவம்தான் முக்கியம். மனிதர் பசிக்காக அவை காத்திருக்குமா?