வகுப்பு இசட் புள்ளியை வைத்துப் பிள்ளையின் பாதையை மாற்றாதீர்கள்



தவணைப் பரீட்சை முடிந்ததும் இப்போது புதுப் பழக்கமொன்று. ஆசிரியர்கள் நாங்கள் புள்ளிகளை எக்செலில் போட்டு இசட் புள்ளி எடுத்து வாட்ஸ்அப் குழுவில் விடுகிறோம். போன தவணை புளியந்தீவில் வைத்து ஒரு வாப்பா எங்களைப் பிடித்துக்கொண்டார். உயிரியல் பிரிவில் படிக்கும் மகளுக்கு மைனஸ் 0.4. "மெடிசின் வெட்டுப்புள்ளி எங்க, இவள் எங்க? ஆர்ட்ஸுக்கு மாத்திவிடுங்க சேர்" என்றார். பிள்ளை பக்கத்தில் நின்று அழுதது. அந்த அட்டவணையைப் போட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் எழுதுகிறோம்.

கணக்கு லேசானது. பிள்ளை எடுத்த புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். பௌதிகவியலில் சராசரி 38, நியம விலகல் 14 என்று வைத்துக்கொள்வோம். 52 எடுத்தவருக்கு இசட் 1. இரசாயனவியலில் சராசரி 61, விலகல் 10 என்றால் 66 எடுத்தவருக்கு 0.5 தான். வீட்டில் 52க்கு ஏச்சு விழும், 66க்குப் பாராட்டு. உண்மையில் பௌதிகவியலில்தான் பிள்ளை முன்னுக்கு நிற்கிறது. இதைக் காட்டத்தான் இசட் உதவும்.

ஆனால் அந்தச் சராசரி யாருடையது? உயர்தரத்தில் பரீட்சைத் திணைக்களம் எடுப்பது அந்தப் பாடத்தை எழுதிய முழு நாட்டுப் பிள்ளைகளின் சராசரி. மூன்று பாட இசட்களின் சராசரிதான் பெறுபேற்றில் வருகிறது. எங்கள் அட்டவணையில் இருந்ததோ 28 பிள்ளைகள். அந்த 28 பேரும் 75க்கு மேல் எடுத்து 'ஏ' வாங்கினாலும், சராசரிக்குக் கீழே உள்ளவருக்கு மைனஸ்தான் வரும். வகுப்பில் எல்லோருடைய இசட்டையும் கூட்டினால் எப்போதும் பூச்சியம். அதைக் கொண்டுபோய் மானியங்கள் ஆணைக்குழுவின் வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்தில் வைப்பது பிழை.

இன்னொரு தவறும் எங்களிடம் நடந்தது. பரீட்சைக்கு வராத மூவருக்கு 0 போட்டிருந்தோம். சராசரி இறங்கி, விலகல் ஊதிவிட்டது. கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால் எக்செல் அதைக் கணக்கில் எடுக்காது.

பெரிய இடத்திலும் இது பிழைத்திருக்கிறது. 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று வேறு வேறு தாள் எழுதியவர்களை ஒன்றாக்கி இசட் எடுத்தார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் வரை போய், இரு சாராருக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டி வந்தது. அப்படியிருக்க, இரண்டு பாடசாலைகளின் வேறு வேறு வினாத்தாள்களை ஒரே அட்டவணையில் சேர்க்கும் சேர்மாரை என்ன சொல்வது!

பெற்றோருக்கு ஒன்று. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் மட்டக்களப்பும் உண்டு. கொழும்பின் வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்தத் தவணை முதல் நாங்கள் இசட்டைக் குழுவில் போடப்போவதில்லை. பிள்ளையின் மூன்று பாடங்களையும் ஒப்பிட்டு, எதில் பின்னுக்கு நிற்கிறது என்று உம்மா வாப்பாவிடம் நேரில் சொல்வோம். அந்த மகள் இப்போதும் உயிரியல் வகுப்பில்தான் இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ்.