ப்ராஜெக்ட் வாங்கலையோ ப்ராஜெக்ட்!

போன வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை. எனக்கு முன்னாடி நின்ன ப்ளஸ் ஒன் பையன், "அண்ணே, நீர் மாசுபாடு ப்ராஜெக்ட் இருக்கா?"ன்னான். கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தல. "பதினஞ்சு பக்கமா, இருபதா?" ஸ்பைரல் போட்டு அஞ்சு நிமிஷத்துல ஆராய்ச்சி முடிஞ்சுது. எட்டிப் பார்த்தா அட்டையில கங்கை நதி!

நம்ம ஊர்ல உக்காந்துக்கிட்டு தண்ணி கெட்டுப்போன கதைக்கு கங்கைக்கா போகணும்?

1996 ஆகஸ்ட்ல தோல் ஷாப் கழிவு வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கு. மாசுபடுத்தினவனே காசு கட்டணும்கிறது இந்த நாட்டுச் சட்டம்தான்னு சொன்ன தீர்ப்பு. அதுக்குள்ள நம்ம ஊரும் இருக்கு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்கள்ல 13 கிராமத்துல ஒரு தன்னார்வ அமைப்பு கிணறு கிணறா பார்த்துச்சு. மொத்தம் 467 கிணறு. அதுல 350 கெட்டுப்போச்சு. இந்தக் கணக்கைத்தான் நீதிபதிகள் தீர்ப்புல எழுதினாங்க.

இதுக்கு பெரிய விஞ்ஞானியா வேணும்? நடக்கக் காலு, ஒரு நோட்டு, கிணத்துக்காரர்கிட்ட மரியாதையா பேசத் தெரியணும். டி.டி.எஸ். மீட்டர் ஆர்.ஓ. விக்கிறவர் சட்டைப் பையிலயே கிடக்கு. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற தண்ணியே இல்லைன்னா 2000 வரைக்கும்னு அரசு அளவுகோலும் இருக்கு. குரோமியம் பார்க்க லேப் வேணும், ஒத்துக்கறேன். காந்திகிராமம் என்ன அமெரிக்காவுலயா இருக்கு? போய்க் கேட்டுப் பார்க்கலாம்ல?

"பப்ளிக் எக்ஸாம் பிள்ளைக்கு நேரம் ஏதுய்யா?"ன்னு சண்டைக்கு வருவீங்க. ஐ.பி. ஸ்கூல்ல இதே வயசுப் பிள்ளை தானே கேள்வி பிடிச்சு 4000 வார்த்தைக்குள்ள கட்டுரை எழுதினாத்தான் டிப்ளமா. அதுக்கும் 24 மணி நேரம்தானே? லட்சத்துல ஃபீஸ் கட்டுறவன் பிள்ளைக்கு ஆராய்ச்சி, நம்ம பிள்ளைக்கு ஸ்பைரல். நல்லா இருக்குய்யா நியாயம்! நமக்கும் 1993லயே தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு வந்துச்சு, 10லேர்ந்து 17 வயசு வரைக்கும். எட்டாவது பிள்ளையை அனுப்புற ஸ்கூல், ப்ளஸ் டூ பிள்ளையை மட்டும் கூண்டுல பூட்டுது. மேல்நிலையில ஒவ்வொரு பாடத்துக்கும் 10 மார்க் அகமதிப்பீடு இருக்கு, ப்ராஜெக்ட்டும் அதுக்குள்ளதான். அதை ஜெராக்ஸ் கடைக்கு குத்தகைக்கு விட்டாச்சு. இவன் நாளைக்கு இன்ஜினியரிங் போனா ப்ராஜெக்ட் சென்டரைத் தேடாம என்ன செய்வான்?

பக்கத்து வீட்டுப் பொண்ணு, ப்ளஸ் ஒன். இந்தக் கிணறு கதையைச் சொன்னேன். "அந்த 350 கிணறும் இப்ப எப்படி மாமா இருக்கு?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. இதைவிட நல்ல ஆராய்ச்சிக் கேள்வி வேணுமா? ரெண்டு தோழிகளோட சேர்ந்து வத்தலக்குண்டு ரோட்டுப் பக்கம் இருபது கிணறு பார்க்குறதா முடிவு. ஸ்கூல்ல ஒரே கேள்வி: "இதெல்லாம் நீட்டுல வருமா?" மூணு ஞாயித்துக்கிழமையும் டெஸ்ட் வச்சுட்டாங்க. கடைசில அவளும் கங்கையைத்தான் வாங்கிட்டுப் போனா. ஃபுல் மார்க் :-)

நான் வாங்கிக் கொடுத்த மீட்டர் பெட்டி பிரிக்காம அவங்க வீட்டு அலமாரியில இருக்கு. வர்ற ஞாயிறு டெஸ்ட் இல்லையாம். பிள்ளைங்க மூணு பேர், அவங்க அம்மாக்கள் ரெண்டு பேர், நான். காலைல 6 மணிக்குக் கிளம்பறோம். திண்டுக்கல் பக்கத்துப் பதிவர்கள் யாராச்சும் ஆட்டோவுக்கு பங்கு போட முடிஞ்சா சொல்லுங்கப்பா.