தேவையற்றவை என்றொரு பட்டியல்

இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகளில் வீட்டுக்குக் கணினி வாங்கிய எவரும் அந்தப் பட்டியலைச் சந்திக்காமல் இருந்திருக்க முடியாது. ‘நிறுத்திவிடத்தக்க பின்னணிச் சேவைகள்’ என்பதுபோன்ற தலைப்போடு கணினி இதழ்களிலும் இணையப் பக்கங்களிலும் அது வந்துகொண்டே இருந்தது. நானும் அதை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தவன்தான். உறவினர் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ கணினி மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், நாட்டு வைத்தியர் பெட்டியைத் திறப்பதுபோல அந்தப் பட்டியலை விரித்துவிடுவேன். அந்த வைத்தியத்தைப் பற்றி எனக்கு இன்று வேறு கருத்து இருக்கிறது. காரணம், காரைக்கால் கடலோரத்தில் கருக்களாச்சேரியில் இருக்கும் என் தாய்மாமாவின் கணினி.

இதில் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாக: நாம் திரையில் திறந்து வைத்திருக்கும் நிரல்களைத் தவிர, கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் பல உண்டு. அச்சுப்பொறிக்குப் போகும் பக்கங்களை வரிசைப்படுத்துவது ஒன்று; கோப்புகளை விரைவில் தேடியெடுக்க அட்டவணை தயாரிப்பது ஒன்று; கடிகாரத்தைச் சரிபார்ப்பது ஒன்று. விண்டோஸில் இவற்றுக்கு ‘சர்வீஸ்’ என்று பெயர். யூனிக்ஸ் வழிவந்தவர்கள் ‘டீமன்’ என்பார்கள். இயற்பியலாளர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓய்வின்றி மூலக்கூறுகளைத் தரம்பிரிக்கும் பூதத்தை நினைத்து 1960களில் எம்ஐடியில் இருந்தவர்கள் வைத்த பெயர் அது. விண்டோஸ் சேவைகளுக்குத் தானாகத் தொடங்குவது, கேட்டால் தொடங்குவது, அறவே முடக்கப்பட்டது என மூன்று நிலைகள். 2007இல் விஸ்டா வந்தபோது, சற்றுத் தாமதித்துத் தானாகத் தொடங்குவது என்ற நான்காவது நிலையும் சேர்ந்துகொண்டது. நம் பட்டியல்காரர்களின் வேலை, முதல் நிலையில் இருப்பவற்றைப் பிடித்துக் கடைசி நிலைக்குத் தள்ளுவது.

அவர்களைப் பழிப்பது என் நோக்கமல்ல. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி 64 மெகாபைட் நினைவகத்திலும் ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. அவ்வளவு சிறிய வீட்டில் ஒவ்வொரு விருந்தாளியும் சுமைதான். ‘பிளாக் வைப்பர்’ என்ற புனைபெயரில் ஒருவர் அக்காலத்தில் வெளியிட்டுவந்த சேவை அட்டவணைகள் உலகெங்கும் வாசிக்கப்பட்டன. அவர் பாதுகாப்பான அளவு, துணிந்தவர்களுக்கான அளவு என்று பிரித்தே கொடுத்தார். நகலெடுத்தவர்கள்தாம் அந்தப் பிரிவினையை விட்டுவிட்டார்கள். பட்டியல் சொன்னது சரியாகவே அமைந்ததும் உண்டு. அலுவலக வலைப்பின்னலில் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதற்கென்று ‘மெசெஞ்சர்’ என்றொரு சேவை இருந்தது. வீட்டுக் கணினிகளில் அதன் வழியாக விளம்பரங்கள் புகுந்து திரையில் குதித்தன. 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கில் மைக்ரோசாஃப்டே அதை முடக்கிவைத்தது.

இனி மாமாவின் கணினிக்கு வருகிறேன். மாமா மீனவக் குடும்பத்தில் பிறந்து ஆசிரியராக ஓய்வுபெற்றவர். கைநடுக்கம் வந்து பேனா பிடிக்க இயலாமல் போனபிறகு, எழுபதை நெருங்கும் வயதில் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொண்டார். கடலுக்குப் போய் ஓய்ந்த பெரியவர்களை மாலை வேளையில் அருகில் உட்காரவைத்து, அவர்கள் வாயில் புழங்கும் சொற்களைத் தட்டெழுதிச் சேர்த்துவந்தார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றின் பெயர்கள்; கடலடிப் பாறைக்குப் ‘பார்’; டால்பினுக்கு ‘ஓங்கல்’. இப்படி அகராதியில் அகப்படுபவை சில. நான் எங்குமே வாசித்திராதவை பல.

2021 மழைக்காலத்தில் இரண்டு நாள் அங்கே தங்கியிருந்தேன். நான்கு ஜிபி நினைவகமும் சுழலும் வன்தட்டும் கொண்ட பழைய கணினி, விண்டோஸ் 10. விசையை அழுத்திவிட்டுக் காபி குடித்து முடித்தால்தான் திரை தெளியும். வழக்கம்போல என் பெட்டியைத் திறந்தேன். அரை மணி நேரத்தில் இருபது சேவைகளுக்கு மேல் முடக்கினேன். அவற்றுள் ஒன்று, ‘டச் கீபோர்டு அண்ட் ஹேண்ட்ரைட்டிங் பேனல் சர்வீஸ்’. தொடுதிரையும் இல்லை, திரையில் எழுதும் பேனாவும் இல்லை, இது எதற்கு? நான் பார்த்த பட்டியல்களும் ஒரே குரலில் அதைத்தான் கேட்டன. மறுநாள் காலைப் பேருந்தில் ஊர் திரும்பிவிட்டேன்.

பொங்கலுக்குப் போனபோது கணினிமேல் துண்டு போர்த்தியிருந்தது. ‘என்ன மாமா, கெட்டுப்போயிற்றா?’ என்று கேட்டேன். ‘மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல தம்பி. எனக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சு. எதத் தட்டினாலும் இங்கிலீஷாவே விழுது’ என்றார். பழுது தன்னிடம் என்று இரண்டு மாதமாக நம்பியிருக்கிறார். சீர்செய்துவிட்டுப் போன மருமகனைத் தொலைபேசியில் அழைத்துத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டாராம். அந்த இரண்டு மாதச் சொற்களை நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்தார். நடுங்கும் கையால் எழுதியவை. பாதிக்குமேல் அவராலேயே வாசிக்க முடியவில்லை.

தொடுதிரையின் பெயரைத் தாங்கிய அந்தச் சேவை அத்தோடு நிற்பதில்லை. உள்ளீட்டு மொழியை மாற்றும் ஏற்பாடும் அதைச் சார்ந்திருக்கிறது. அதை மீண்டும் தொடக்கியதும் தமிழ் வந்துவிட்டது. விண்டோஸ் 11இல் அதே பணிக்கு ‘டெக்ஸ்ட் இன்புட் மேனேஜ்மென்ட் சர்வீஸ்’, அதாவது எழுத்து உள்ளீட்டு மேலாண்மைச் சேவை என்று பெயர் மாறியிருக்கிறது. அன்றே அந்தப் பெயர் இருந்திருந்தால் நான் கை வைத்திருக்க மாட்டேன்.

பெயரின்மேல் பழிபோட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எக்ஸ்பி காலத்துப் பட்டியல்களில் ‘சிடிஎஃப்மான்’ என்ற நிரல் தவறாமல் இடம்பெறும். அது சேவை அல்ல, கணினியோடு கூடவே தொடங்கும் சிறுநிரல். மொழிப்பட்டையைத் தாங்கி நிற்பது அதுதான். ‘ஒரே மொழியில் தட்டெழுதுபவருக்கு இது வேண்டாம்’ என்று முதலில் யாரோ எழுதியிருப்பார். கைமாறிக் கைமாறி அந்த முதற்பாதி உதிர்ந்து ‘இது வேண்டாம்’ என்பது மட்டும் நமக்கு வந்து சேர்ந்தது. நான் சொல்ல வருவது இதுதான்: தேவையற்றது என்ற சொல்லுக்குள் யாருக்கு என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்தப் பட்டியல்களை ஆக்கியவர் ஆங்கிலத்தை நேரடியாக விசையில் தட்டுபவர். தமிழனுக்கோ கணினியில் தன் எழுத்தே பின்னணியிலிருந்து வருவது. முரசு அஞ்சல், எ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் எல்லாம் திரையின் மூலையில் சிறு குறியாக ஒதுங்கி நின்று, நம் ஒவ்வொரு விசைத்தட்டலையும் பிடித்துத் தமிழாக்கிக் கொடுத்தவை. இணையத்தில் நாம் வாசித்த கதையும் கவிதையும் சண்டையும் பெரும்பாலும் இவற்றின் வழியாக வந்தவையே. நம் இலக்கியத்தின் ஒரு பகுதி, இன்னொருவரின் பட்டியலில் ‘நிறுத்தலாம்’ என்ற கட்டத்தில் இருந்தது.

சரி, நிறுத்தியதால் வந்த லாபமாவது உண்டா? வேலையில்லாமல் காத்திருக்கும் சேவை செயலியை அனேகமாகத் தொடுவதே இல்லை. நினைவகம் நெருக்கடியானால் இயங்குதளமே அதை ஓரங்கட்டி வைக்கும். 2017க்குப் பிந்தைய விண்டோஸ் 10, 3.5 ஜிபிக்குமேல் நினைவகம் இருந்தால் முன்பு ஒன்றாகக் கட்டியிருந்த சேவைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற பெயர் வரிசைவரிசையாகத் தெரிவதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. மாமாவின் கணினியில் மந்தத்துக்குக் காரணம் சுழலும் வன்தட்டு. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தியதும், எல்லாச் சேவைகளும் ஓட, காபி ஆறுவதற்குள் கணினி எழுந்துவிட்டது.

எதையும் நிறுத்தவே கூடாது என்று வாதிடவில்லை. 2021இல் அச்சு வரிசைச் சேவையில் ‘பிரின்ட்நைட்மேர்’ என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, அச்சு வேலை இல்லாத கணினிகளில் அதை நிறுத்திவைக்கும்படி பாதுகாப்பு வல்லுநர்களே சொன்னார்கள். நம் பயன்பாட்டு விவரங்களை நிறுவனத்துக்கு அனுப்பும் தொலைஅளவீட்டுச் சேவையை விரும்பாதவர் நிறுத்திக்கொள்ளலாம். அது அவர் உரிமை. ஆனால் தரவு தீர்ந்துவிடும் என்று அஞ்சிப் புதுப்பித்தல் சேவையை முடக்குவது வேறு கதை. 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது. தரவைச் சேமிக்க விரும்புபவர், அந்த இணைப்பை அளவிடப்பட்டது என்று குறித்துவைத்தால் பெரும்பாலும் போதும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்ட நிலையில், நீட்டிப்புக்குப் பதிவு செய்துகொள்வதோ வேறு இயங்குதளத்துக்கு மாறுவதோதான் பழைய கணினிக்காரர் முதலில் யோசிக்க வேண்டியது.

என் பழைய பட்டியலைக் கிழித்துவிட்டேன். மாற்றியே ஆகவேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒரு சேவை. மாற்றும் முன் இருந்த நிலையைத் தாளில் குறித்துவைப்பது. முடக்குவதைவிடக் கேட்டால் தொடங்கும் நிலைக்கு நகர்த்துவது. இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்ப்பது. இதையெல்லாம் கையேடுகளும் சொல்லும். கையேடு சொல்லாத ஒன்றை நான் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கருக்களாச்சேரியில் அந்தக் கணினியில் எதைத் தொட்டாலும், எழுந்திருக்கும் முன் மாமாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தமிழில் ஒரு வரி தட்டச் சொல்கிறேன். அவர் அந்த நாட்காட்டித் தாள்களை எடுத்து, இன்னும் படிக்க முடியாத சொற்களில் ஒன்றை ஊகித்துத் தட்டிப் பார்க்கிறார். இல்லை என்று தலையசைத்துவிட்டு அழிக்கிறார்.