மணல்மேடும் பாடம்தான்



வெளிநாட்டில் படிக்கும் நம் மாணவர்களைப் பாலைவனச் சுற்றுலா ஈர்ப்பது இயல்பு. ஆனால் காற்று மணலை நகர்த்துவதையும் செடி அதைப் பிடித்து நிறுத்துவதையும் கற்க, செங்கல்பட்டு மாவட்டக் கல்லூரிகளுக்கு மாமல்லபுரம் கடற்கரையே போதும். அடப்பங்கொடி கணுதோறும் வேர்விட்டு மணலை இறுக்குகிறது; ராவணன் மீசைப் புல்லைச் சுற்றி மணல் குவிந்து மேடாகிறது. 2004 சுனாமிக்குப் பின் சாளுவன்குப்பத்தில் தோண்டி எடுக்கப்பட்ட செங்கல் முருகன் கோயில், மணல் வரலாற்றையும் மூடிக் காக்கும் என்பதற்குச் சான்று.

மாணவர் கூட்டம் மேடுகளை மிதித்தே அழித்துவிடும் என்பார்கள், நியாயமான அச்சம். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் மணல்மேடுகளைச் சூழல் முக்கியத்துவம் மிக்கவையாக வகைப்படுத்துகிறது. ஆகவே சிறு குழுவாக, குறித்த பாதையில் மட்டும் அழைத்துச் செல்லலாம். மேட்டின் பயன் தெரிந்தவர்கள்தான் அதைச் சமன்படுத்தி மனை போடுவதைத் தட்டிக் கேட்பார்கள்.

- ஒரு வாசகர், செங்கல்பட்டு